இறங்குதுறையில் எடுத்த இருபது விநாடி

தீவுப் பகுதிக்கு நியமனம் கிடைத்துப் போகிற குடும்பநல உத்தியோகத்தர்களை, அதுதான் ஊர் மருத்துவிச்சிகளை, எல்லோரும் முதலில் கடலைப் பற்றித்தான் எச்சரிப்பார்கள். போன மாதம் உங்களில் நாலு பேர் என் வீட்டுக்கு வந்தபோதும் அதைத்தான் கேட்டீர்கள். வயிற்றைப் பிரட்டினால் தூரத்துக் கரையைப் பார்த்துக்கொண்டிருங்கள் என்றேன். எழும்பிப் போகிற நேரத்தில் ஒருத்தி, "மிஸ், உங்களைப் பேஸ்புக்கிலை தேடினனாங்கள், காணேல்லையே. ஏன்?" என்று கேட்டாள். நான் சிரித்துச் சமாளித்துவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால், கடலைவிட அதைத்தான் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்று பட்டது. அதனால் எழுதுகிறேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் நான் இந்த வேலை செய்தேன். கடைசி எட்டு வருஷமும் ஒரே தீவில். சரவணையில் என் வீடு. காலையில் பஸ்ஸில் குறிகட்டுவானுக்குப் போய், அங்கிருந்து படகில் போவேன். எந்தத் தீவு என்று சொல்லமாட்டேன். சின்ன ஊர், பெயரைச் சொன்னால் ஆட்களையும் சொன்ன மாதிரி.

முகநூலுக்கு நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. காற்றுக் காலத்தில் படகு ஓடாத நாட்களில் கிளினிக் நடக்காது. அதை அறியாமல் தாய்மார் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்து வந்து, பூட்டின கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள். அப்படி இரண்டு தரம் நடந்த பிறகு, அண்ணரின் மகளான என் மருமகள்தான் எனக்கு ஒரு கணக்குத் திறந்து தந்தாள். கொஞ்ச நாளில் தீவிலிருந்த கர்ப்பிணிகள், பால் கொடுக்கிற தாய்மார் அனேகமாக எல்லோரும் அதில் சேர்ந்துவிட்டார்கள். "மிஸ்ஸி, பிள்ளைக்கு ஊசி போட்ட இடம் தடிச்சிருக்கு," "மிஸ்ஸி, இந்தக் குளிசை சாப்பாட்டுக்கு முன்னமோ பின்னமோ?" இப்படி எழுதுவார்கள். படகில் இருந்துகொண்டே பதில் எழுதுவேன். அது எனக்குப் பிடித்தும் இருந்தது. மறைக்கவில்லை.

ஒரு நாள் காலையில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்திக்கு இரத்தம் போகத் தொடங்கியது. அவளைச் சாந்தி என்று சொல்கிறேன். அது அவள் பெயரல்ல. தீவு ஆஸ்பத்திரியில் டொக்டர் பார்த்த உடனேயே யாழ்ப்பாணத்துக்கு அனுப்பச் சொல்லிவிட்டார். அம்புலன்ஸ் படகு ஆயத்தமாக நின்றது. கூடப் போக வேண்டியவள் நான். சாந்தியின் கணவன் வேலைக்காக யாழ்ப்பாணத்தில் நின்றதால் அவளுடைய அக்கா துணைக்கு வந்தாள்.

ஸ்ட்ரெச்சரில் இறங்குதுறைக்குக் கொண்டுபோகிற வழியில் சாந்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன்.

"மிஸ்ஸி, மாமி வரக்கூடாது. கடவுளாணை, அவவை மட்டும் ஏத்தாதேங்கோ."

"ஏன் பிள்ளை?"

ஒரே ஒரு வசனம் சொன்னாள். அந்த வசனத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை. மாமி, அதாவது அவளுடைய மாமியார், பொல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். அது சாந்தியின் உடம்பைப் பற்றிய ஒரு பழைய விஷயம். பெரியாஸ்பத்திரியில் டொக்டர்மார் கட்டாயம் அதைக் கேட்பார்கள். மாமி பக்கத்தில் நின்றால் இவள் இல்லை என்று சொல்லிவிடுவாள். அப்படி மறைத்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. எனக்கு யோசிக்கக் கிடைத்த நேரம் இறங்குதுறையின் நீளம்தான்.

சாந்தியைப் படகில் ஏற்றி அக்காவும் ஏறிய பிறகு மாமி ஓடி வந்தார். மாடுகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தவர் செய்தி கேட்டுச் செருப்பும் இல்லாமல் வந்திருந்தார். ஏறுவதற்குக் கால் வைத்தார். நான் குறுக்கே நின்றேன்.

"ஒராள்தான் ஏறலாம் அம்மா. அக்கா ஏறியிட்டா."

"நான் அவளின்ரை மாமி! அங்கை இடம் கிடக்குதே மிஸ்ஸி!"

இடம் இருந்தது. எல்லோருக்கும் தெரிந்தது.

"ஏலாது எண்டால் ஏலாது! இறங்குங்கோ!" என்று கத்தினேன். அந்த மனுசியின் தோளில் கையை வைத்துத் தள்ளினேன். மெல்லத்தான் தள்ளினேன் என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் தடுமாறி அங்கிருந்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குளறி அழத் தொடங்கினார். படகு வெளிக்கிட்டது.

பெரியாஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார். சாந்தி உண்மையைச் சொன்னாள். சொன்னபடியால் அதற்கேற்ற மாதிரி ஆயத்தம் செய்துகொண்டு ஒப்பரேசன் செய்தார்கள். உள்ளங்கை இரண்டிலும் அடங்குகிற ஒரு பெண்பிள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். தாயும் தப்பினாள். நான் பின்னேரம் வீட்டுக்கு வந்து, நல்லதொரு நாள் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

அடுத்த நாள் காலையில் மருமகள் போன் எடுத்தாள். "மாமி, பேஸ்புக் பாக்காதேங்கோ," என்றாள். அப்படிச் சொன்னால் யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்?

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர் இறங்குதுறையில் நின்று போனில் எடுத்திருக்கிறார். அவர் யாரோ கூட்டாளிக்கு அனுப்ப, அது கைமாறி, ஊர்ச் செய்தி போடுகிற ஒரு பக்கத்துக்குப் போய்விட்டது. மொத்தம் இருபது விநாடி. மாமி கெஞ்சுகிறார், நான் கத்துகிறேன், தள்ளுகிறேன், படகில் வெறும் இருக்கை தெரிகிறது. ‘அரச தாதியின் அடாவடி’ என்று தலைப்பு. நான் தாதியும் அல்ல. அதைக்கூட விசாரித்து எழுத அவர்களுக்கு நேரமில்லை.

என் கை அந்த மனுசியின் தோளில் பட்ட இடத்தை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மெல்லத் தள்ளியதாக அதில் தெரியவில்லை.

கீழே எழுதியிருந்தவை எல்லாவற்றையும் இங்கே சொல்ல மாட்டேன். என் சாதி என்னவாக இருக்கும் என்று சிலர் வாதாடினார்கள். மருமகளின் கலியாணப் படத்திலிருந்து என் முகத்தை வெட்டியெடுத்து அசிங்கமான ஒன்றோடு ஒட்டியிருந்தார்கள். ‘பெறாதவளுக்குப் பிள்ளையின் அருமை எப்படித் தெரியும்’ என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. இரண்டு தரம் கரு தங்கியது, இரண்டு தரமும் நிலைக்கவில்லை. எழுதியவளுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் மற்றதெல்லாம் மறந்த பிறகும் அந்த ஒரு வரி எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது.

மத்தியானத்துக்குள் குழந்தை இறந்துவிட்டது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அதன் பிறகு பூப்படங்களும் விளக்குப் படங்களும் வந்து குவிந்தன. உயிரோடு கண்ணாடிப் பெட்டிக்குள் கையைக் காலை அசைத்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு ஊரும் உலகமும் அஞ்சலி செலுத்தின. வார்டில் படுத்திருந்த தாயும் அதைத் தன் போனில் பார்த்திருக்கிறாள்.

என் நம்பரையும் போட்டுவிட்டார்கள். தெரியாத தேசத்து இலக்கங்களில் இருந்து வட்ஸ்அப்பில் அழைப்பு வரும். எடுத்தால் தூஷணம், மிரட்டல். என் கணவர் அதிகம் கதைக்காத மனுசன். அவர் குசினிக்குள் இருந்து கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு ஒற்றை விரலால் எதையோ எழுதிக்கொண்டிருப்பதைக் கண்டேன். ஒவ்வொருவருக்கும் மரியாதையாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். ‘ஐயா, நீங்கள் குறிப்பிடுவது என் மனைவியை’ என்று தொடங்கி. அதற்குக் கீழே அவரையும் போட்டுக் கிழித்திருந்தார்கள்.

"இஞ்சேருங்கோ, விடுங்கோ," என்றேன்.

"நாலு பேருக்காவது விளங்கும்," என்றார். அடுத்தவருக்கு எழுதத் தொடங்கினார்.

அன்றைக்கே நானும் ஒரு பதில் எழுதினேன். கொப்பித் தாளில் இரண்டு பக்கம். போடுவதற்கு முன்னர் எங்கள் மேற்பார்வை உத்தியோகத்தரிடம் கொண்டுபோனேன். என்னைவிட ஒரு வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தானும் மூன்று தீவுகளில் வேலை செய்தவர். தாளை இரண்டு தரம் வாசித்தார்.

"நல்லா எழுதியிருக்கிறீர். ஒரு பொய்யும் இல்லை."

"அப்ப போடட்டோ அக்கா?"

"இதிலை ‘நோயாளியின் நன்மைக்காகவே மாமியாரை ஏற்றவில்லை’ எண்டு கிடக்கு. இதை வாசிச்ச உடனை சனம் என்ன கேக்கும்?"

நான் அந்த வரியைத் திரும்ப வாசித்தேன்.

"சொல்லும்."

"மாமிக்கு மறைக்க என்ன இருக்கு எண்டு கேக்கும்."

"கேட்டிட்டுச் சும்மா இருக்குமோ? ஆளுக்கொரு காரணம் எழுதும். அதிலை ஒண்டு உண்மையா இருந்தாலும் இருக்கும்." தாளை மடித்து என் கையில் தந்தார். "உமக்கு நடந்தது அநியாயம். அதிலை எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இந்த வசனத்தைப் போட்டால் அநியாயம் உம்மிலை இருந்து இறங்கி அந்தப் பெட்டையிலை ஏறும்."

நான் அந்த அறைக்குள்ளேயே அழுதேன். அவர் தேத்தண்ணி எடுப்பித்துக் குடிக்க வைத்தார். பிறகு சொன்னவை எல்லாம் நடைமுறை வேலைகள். திட்டியவற்றை அழிக்காமல் படமெடுத்து வைக்கச் சொன்னார். சுகாதார வைத்திய அதிகாரிக்கு, அவர் மட்டும் வாசிக்கும்படி, நடந்ததை எழுதித் தரச் சொன்னார். மிரட்டியவர்களைப் பற்றிப் பொலிசில் முறைப்பாடு கொடுக்கத் தானும் கூட வந்தார். முறைப்பாட்டை எழுதி எடுத்தார்கள். அதற்குமேல் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

வெளியே வந்தபோது சாந்தியின் அழைப்பு வந்தது. வார்டில் இருந்து குசுகுசு என்று கதைத்தாள்.

"மிஸ்ஸி, எல்லாத்தையும் பாத்தனான். நான் சொன்னதாலைதானே உங்களுக்கு இவ்வளவும். நானே உண்மையை எழுதிப் போடட்டோ?"

என் கைப்பைக்குள் அந்த இரண்டு தாளும் இருந்தன. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், எனக்கு விடுதலை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ‘ஓம்’ என் வாய் வரைக்கும் வந்தது.

"பிள்ளைக்கு இண்டைக்குப் பால் குடுத்தனீரோ?" என்று கேட்டேன்.

"குழாயாலை கொஞ்சம் குடுத்தவை, மிஸ்ஸி."

"அப்ப அந்த வேலையைப் பாரும். போனை நிப்பாட்டி அக்காவிட்டைக் குடும். ஒண்டும் எழுதவேண்டாம்."

இது தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள். அவளுக்கு வாழ்க்கை இனித்தான் கிடக்கிறது. எனக்கு ஓய்வுக்கு இரண்டு வருஷம். சொல்வதா இல்லையா என்பதை உடம்பு தேறி, நிதானமாக இருந்து அவள் தீர்மானிக்க வேண்டும். தையல் காயாமல் படுத்திருக்கிறவள் என்மேல் இரக்கப்பட்டுத் தீர்மானிக்கக் கூடாது.

இரண்டாம் நாள் தீவுக்குப் போய் இறங்கியதும் நேராக மாமியின் வீட்டுக்குப் போனேன். அவர் கன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டும் திரும்பவில்லை.

"அம்மா, உங்களைத் தள்ளினது பிழை. கத்தினதும் பிழை. அதுக்கு மன்னிப்புக் கேக்க வந்தனான்," என்றேன். ஏற்றாமல் விட்டதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அது பிழையில்லை. செய்த பிழைக்கும் செய்யாத பிழைக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டால் சண்டை கெதியாக முடியும். ஆனால் அடுத்த தரம் அதே இடத்தில் நிற்க எனக்குக் கால் வராது.

அவர் கன்றின் கயிற்றை முடிந்துவிட்டு உள்ளே போனார். நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இவ்வளவுக்கும் நான் முகநூலை விடவில்லை. திட்டுகிறவர்கள் களைத்துப் போவார்கள் என்று நினைத்தேன். அடுத்த கிழமை கிளினிக்குக்கு வந்த ஒரு தாய் தன் போனை என்னிடம் நீட்டினாள். முகமில்லாத ஒரு ஆள் அவளுக்கு எழுதியிருந்தான்: ‘நீங்கள் அந்த மிட்வைஃபின் நண்பர் பட்டியலில் இருக்கிறீர்கள். படகில் போன பெண் யார் தெரியுமா?’ வேறு யாருக்கும் வந்ததா என்று கேட்டேன். வாங்குப் பலகையில் இருந்தவர்களில் ஐந்து பேர் கையை உயர்த்தினார்கள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாலு வருஷமாக நான் அந்தத் தீவின் கர்ப்பிணிகள் எல்லோரையும் ஒரே இடத்தில் பெயரோடும் படத்தோடும் சேர்த்து வைத்திருந்திருக்கிறேன். பதிவேட்டை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத் திறப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தவள் நான்.

திரும்பிப் போகிற படகிலேயே கணக்கை மூடினேன். பயத்தில் மூடினீர்களா என்று கேட்டால், ஓம், பயமும்தான். வெட்கமும்தான். அந்த ஐந்து கைகளைக் கண்டிராவிட்டால் வீம்புக்காக இன்னும் கொஞ்சக் காலம் இருந்து நொந்திருப்பேன்.

ஆனால் அவசரத்தில் ஒரு பெரிய பிழை விட்டேன். ஒருவருக்கும் சொல்லாமல் மூடிவிட்டேன்.

நாலு நாள் கழித்து தாய்மாரை வீடுகளில் பார்க்கப் போன இடத்தில் றோசி என்று ஒருத்தி. இதுவும் வைத்த பெயர்தான். எட்டு மாதம். படலையைத் திறந்தபோது கதிரையில் சாய்ந்திருந்தாள். முகம் ஊதியிருந்தது.

"எத்தினை நாளா இப்பிடி?"

"மூண்டு நாள் மிஸ்ஸி. தலையிடி. கண்ணுக்கை பூச்சி பறக்கிற மாதிரிக் கிடக்கு."

இரத்த அழுத்தத்தைப் பார்த்தேன். கருவியில் பிழையோ என்று திரும்பவும் பார்த்தேன். கருவியில் பிழை இல்லை.

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

அவள் அழத் தொடங்கினாள். "அந்த வீடியோவுக்கு நான் அழுகிற பொம்மை ஒண்டு போட்டனான் மிஸ்ஸி. மாமியைப் பாக்கப் பாவமாக் கிடந்தது. பேந்து பாத்தால் உங்கடை பேரே காணேல்லை. கோவத்திலை என்னை வெட்டிப்போட்டியள் எண்டு நினைச்சன். என்னெண்டு கேக்கிறது?"

அரை மணித்தியாலத்துக்குள் அவளையும் கணவனையும் படகில் ஏற்றினோம். போகும் வழியெல்லாம் அவள் கையை நான் விடவில்லை. வலிப்பு வராமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டோம். பத்து நாளில் ஒரு ஆண்பிள்ளையோடு திரும்பி வந்தாள். இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் என்று இப்போதும் யோசிப்பேன்.

திட்டியவர்களால் றோசிக்கு அந்த நிலை வரவில்லை. என்னால் வந்தது. அடுத்த இரண்டு கிழமையும் வீடு வீடாகப் போய் ஒவ்வொரு தாயின் கிளினிக் கொப்பி மட்டையிலும் கிளினிக் போன் நம்பரைப் பெரிதாக எழுதினேன். "நான் ஒருத்தரிலையும் கோவத்திலை இல்லை. பேஸ்புக்கிலை இனி இருக்கமாட்டன், அவ்வளவுதான். எந்த நேரமெண்டாலும் இதுக்கு அடியுங்கோ," என்று வாயாலும் சொன்னேன். படகு ஓடாத நாளில் செய்தி சொல்ல ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு தாய் பொறுப்பெடுத்தாள். முன்னரைவிடக் கால் நோவு கூடியது. வேறு குறை வரவில்லை.

நீங்களும் ஒரு நாள் முகநூலைவிட்டு வெளிக்கிட நினைக்கலாம். வெளிக்கிடுங்கள். அதற்காக யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை, கோழை என்று எழுதுகிறவர்களுக்குப் பதிலும் தேவையில்லை. உங்களை நம்பி அங்கே வருகிறவர்களுக்கு மட்டும், இனி எங்கே வரவேண்டும் என்று முதலில் சொல்லிவிட்டு வெளிக்கிடுங்கள்.

சாந்தியின் பிள்ளை மூன்று மாதம் கழித்துத்தான் நிறை பார்க்கக் கிளினிக்குக்கு வந்தது. தூக்கிக்கொண்டு வந்தவர் மாமி. வாங்கில் இருந்த மற்றத் தாய்மார் கதையை நிறுத்திவிட்டார்கள். நான் பிள்ளையைத் தராசில் வைத்தேன். நிறை கூடியிருந்தது. கொப்பியில் குறித்தேன். மாமி போகவில்லை. மற்றவர்கள் எல்லோரும் போகும் வரைக்கும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"மிஸ்ஸி, ஒண்டு கேக்கட்டோ?"

"கேளுங்கோ அம்மா."

"அண்டைக்கு ஏன் என்னை ஏத்தேல்லை?"

"சொல்ல ஏலாது அம்மா."

"எனக்குச் சொல்ல ஏலாதோ, ஒருத்தருக்குமே சொல்ல ஏலாதோ?"

"ஒருத்தருக்கும்."

பிள்ளை சிணுங்கியது. அவர் முழங்காலை ஆட்டி ஆட்டி அதை நித்திரையாக்கினார்.

"என்னைப் பாவம் பாவம் எண்டு எழுதின சனம் ஆரெண்டே எனக்குத் தெரியாது," என்றார். "என்ரை மருமகள் வாசிச்சுக் காட்டினவள். ஒரு சனம் என்ரை படலைக்கு வரேல்லை. நீங்கள்தான் வந்தனீங்கள். உங்களை அவ்வளவு பேச்சுப் பேசியும் நீங்கள் வாய் திறக்கேல்லை எண்டால், அது பெரிய விஷயமாத்தான் இருக்கும். நான் இனிக் கேக்கமாட்டன். அவளையும் கேக்கமாட்டன்."

"நன்றி அம்மா," என்றேன்.

அவர் எழும்பினார். போகப் போகிறார் என்று நினைத்தேன். நித்திரையான பிள்ளையை என் மேசைக்குப் பக்கத்தில் இருந்த தொட்டிலில் கிடத்திவிட்டு, வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.

"ஒரு வருஷமா எனக்கும் ஒண்டு இருக்கு, மிஸ்ஸி," என்றார். "ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, மார்பில் ஓரிடத்தை விரலால் காட்டினார். நான் எழும்பிப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன்.